பண்டிகை வந்தால் லஞ்ச் பாக்ஸில் என்ன வைக்கலாம்? டப்பா காலியாகத் திரும்பி வர ஒரு எளிய கணக்கு

இரவு எட்டரை மணி. பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்துவிட்டு, ‘அப்பாடா’ என்று உட்காரும் நேரத்தில் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. ‘நாளை நவராத்திரி கொண்டாட்டம். பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வரவும். லஞ்ச் பாக்ஸில் பண்டிகை உணவு கொடுத்து அனுப்பவும். ஹெல்தியாக இருக்கட்டும். ஜங்க் ஃபுட் வேண்டாம்.’

குரூப்பில் வரிசையாகக் கட்டைவிரல் எமோஜி. சமையலறையில் மட்டும்தான் உண்மையான பதில்: “இதை இப்ப சொன்னா நான் என்ன பண்றது?”

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் ஏப்ரல் வரை இந்த மெசேஜ் ஏதாவது ஒரு ரூபத்தில் வந்துகொண்டே இருக்கும். கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான். எல்கேஜி, யுகேஜி என்றால் நடுவில் ‘கிரீன் டே’, ‘ஆரஞ்ச் டே’, சுதந்திர தினத்துக்கு மூவர்ண டப்பா. ஐடியா தேடி இன்ஸ்டாகிராமைத் திறந்தால் சோற்றில் பாண்டா முகம், சப்பாத்தியில் பட்டாம்பூச்சி. அதைப் பார்த்துக் காலை ஐந்து மணிக்கே எழுந்து கேரட்டைப் பூப்பூவாக வெட்டி அனுப்பினால், சாயங்காலம் அந்தப் பூ வாடிப்போய் டப்பாவிலேயே திரும்பி வருகிறது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் பண்டிகைகளில் இனிப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே சுண்டலும் அவலும் கிழங்கும் இருக்கின்றன. அவற்றில் எதை டப்பாவில் வைக்கிறோம், எதை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம்.

பண்டிகை அன்று பள்ளி லீவு. அப்புறம் எதற்கு டப்பா?

நியாயமான கேள்வி. பண்டிகை நாளில் பெரும்பாலும் விடுமுறைதான். பள்ளிக்குப் போகும் ‘பண்டிகை லஞ்ச் பாக்ஸ்’ என்பது உண்மையில் ரெண்டு வகை. முதலாவது, பண்டிகைக்கு முன்பு பள்ளியில் நடக்கும் கொண்டாட்டத்துக்குப் போவது. ரெண்டாவது, பண்டிகை முடிந்த மறுநாள் போவது. வீட்டில் டின் டின்னாகப் பலகாரம் இருக்கும். சமைக்க யாருக்கும் உடம்பில் தெம்பு இருக்காது. ‘ரெண்டு அதிரசம், ஒரு பிடி மிக்சர், ஒரு மைசூர்பாகு’ என்று டப்பா நிரம்பிவிடும்.

முதல் வகைக்கு ஆசிரியர் அறிவுரை சொல்லி அனுப்புகிறார். ரெண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளையின் வயிற்றுக்கு வில்லங்கம் வருவது பெரும்பாலும் இந்த ரெண்டாவது டப்பாவில்தான்.

ஒரு டப்பாவில் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி, 23 கிராம் புரதம் தேவை. மதியச் சாப்பாடு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், டப்பாவுக்குள் 550 கலோரிக்குக் கொஞ்சம் கூடுதலும் ஏழெட்டு கிராம் புரதமும் இருந்தால் போதும்.

பெரிய கணக்கெல்லாம் இல்லை. அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஆக, நவராத்திரி சுண்டல் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தாலே மதியத்துக்கான புரதம் முடிந்தது.

தினமும் தராசு பிடிக்க முடியாது என்பவர்களுக்குக் கண்ணால் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. டப்பாவை நாலு பாகமாக மனசில் பிரித்துக்கொள்ளுங்கள்.

* ஒரு பாகம் - சாதம், இட்லி, சப்பாத்தி, அவல் போன்ற வயிறு நிரப்பும் உணவு.
* ஒரு பாகம் - சுண்டல், பருப்பு, முட்டை, பனீர் என ஏதாவது ஒரு புரதம்.
* ஒரு பாகம் - காய்.
* கடைசிப் பாகம் - ஒரு பழம், அதன் ஓரத்தில் பண்டிகைப் பலகாரம் ஒரே ஒரு பீஸ்.

அந்த ‘ஒரே ஒரு பீஸ்’தான் பிள்ளைக்குப் பண்டிகை. அதை எடுத்துவிட்டால் டப்பாவில் கொண்டாட்டமே இல்லை. அதையே நாலு பாகத்திலும் பரப்பினால் சாப்பாடு இல்லை.

‘வெல்லம்தானே, உடம்புக்கு நல்லதுதானே?’

எல்லா வீட்டிலும் ஒலிக்கும் வசனம் இது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் ஸ்வீட் ஹெல்தி ஆகிவிடும் என்ற நம்பிக்கை. வெல்லத்தில் இரும்பு முதலான தாதுக்கள் கொஞ்சம் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. பல்லுக்கும் கலோரிக்கும் ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உணவில் சேர்க்கும் சர்க்கரை, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 10 சதவீதம் என்றால் நாள் முழுவதுக்கும் சுமார் 8 டீஸ்பூன். 5 சதவீதம் என்றால் 4 டீஸ்பூன். காலையில் பாலில் போடும் சர்க்கரையும் இதில் அடக்கம்.

இப்போது அதிரசத்தைப் பாருங்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பல வீடுகளில் வழக்கமான அளவு. நடுத்தர அளவு அதிரசம் ஒன்றிலேயே ரெண்டரை, மூணு டீஸ்பூன் இனிப்பு போய்விடுகிறது. ஒன்று வைத்தால் கணக்குக்குள் நிற்கும். மூன்று வைத்தால் அன்றைய கோட்டா டப்பாவிலேயே காலி.

இது பள்ளிகளும் கவனிக்கும் விஷயமாகிவிட்டது. 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் எடுத்துக்கொள்ளும் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது என்று சுட்டிக்காட்டி, பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லி 2025 மே மாதம் சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான பலகை அது.

எந்தப் பண்டிகைக்கு எந்த டப்பா?

கிருஷ்ண ஜெயந்தி: சீடை, முறுக்கு எல்லாம் சாயங்காலம் வீட்டில் கொறிக்க இருக்கட்டும். டப்பாவுக்கு அவல்தான் ஹீரோ. எலுமிச்சை அவல் உப்புமாவில் கேரட், பட்டாணி, வறுத்த வேர்க்கடலை சேர்த்தால் பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஆறினாலும் கல்லாகாது. ஓரத்தில் நாலு வெல்லச் சீடை.

விநாயகர் சதுர்த்தி: பூரணக் கொழுக்கட்டை ஒன்று போதும். மெயின் அயிட்டமாக மணிக் கொழுக்கட்டை வைக்கலாம். சின்னச் சின்ன உருண்டையாக ஆவியில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, துருவிய கேரட் போட்டுத் தாளித்தால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வசதி. உளுந்துப் பூரணம் வைத்த காரக் கொழுக்கட்டை என்றால் புரதமும் உள்ளேயே இருக்கிறது.

நவராத்திரி: ஒன்பது நாளும் சுண்டல். இதைவிட ஹெல்தியான ‘தீம் லஞ்ச்’ கிடைப்பது கஷ்டம். தமிழக அரசின் சத்துணவிலும் முட்டையோடு கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இடம்பெறுகின்றன. சுண்டலில் மாங்காய்த் துருவலோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துவிடுங்கள். அந்த வைட்டமின் சி, பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரெண்டு சொட்டு எலுமிச்சை சின்ன விஷயம் இல்லை.

கார்த்திகை தீபம்: பொரி உருண்டை பார்க்கப் பெரிதாக இருக்கும், வயிறு நிரம்பாது. ஒரு உருண்டை ஆசைக்கு. அதோடு பொடி தடவிய மினி இட்லியும் வெள்ளரித் துண்டுகளும் இருந்தால் மதியம் தாங்கும். நல்லெண்ணெய்யும் பொடியும் பூசிய இட்லி மதியம் வரைக்கும் காய்ந்து போகாது. ரயில் பயணத்துக்குப் பாட்டிகள் கட்டிக்கொடுத்த அதே டெக்னிக்.

கிறிஸ்துமஸ்: விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பில் கேக் வெட்டிவிடுவார்கள். அதனால் டப்பாவில் இன்னொரு கேக் வேண்டாம். சிவப்புக்கு பீட்ரூட் சப்பாத்தி, பச்சைக்குப் புதினா சாதம், வெள்ளைக்கு முட்டையோ பனீரோ. ஒரு அச்சு முறுக்கு. நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்து இருந்தால் அதில் ஒன்று. அதன் உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த பாசிப்பயறு.

பொங்கல்: வெண்பொங்கல் காலையில் குழைவாக இருந்தாலும் மதியத்துக்குள் இறுகிவிடும். வழக்கத்தைவிடத் தண்ணீர் கூடுதலாக வைத்துத் தளரக் கிளறி அனுப்பினால் சரியாக இருக்கும். சர்க்கரைப் பொங்கல் ரெண்டு ஸ்பூன் தனிக் கிண்ணத்தில். தை மாதச் சந்தையில் கிடைக்கும் மொச்சையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இந்த டப்பாவுக்கே விளைந்தவை. வேகவைத்த கிழங்கைத் துண்டு போட்டு வைத்தால், சர்க்கரையே சேர்க்காத ஸ்வீட் ரெடி.

ரம்ஜான்: நோன்புக் கஞ்சியை வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் சூடாகக் கொடுத்துவிடலாம். இனிப்புக்கு ரெண்டு பேரீச்சை, கொட்டை எடுத்தது. பெருநாளுக்கு மறுநாள் பிரியாணி கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? அதற்கு அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

ஏழு மணிக்குக் கட்டியது, பன்னிரண்டரைக்குத் திறப்பது

லஞ்ச் பாக்ஸின் உண்மையான எதிரி நேரம்தான். காலை ஏழு மணிக்கு மூடும் டப்பா, மதியம் பன்னிரண்டரை மணிக்குத்தான் திறக்கிறது. நடுவில் ஐந்தரை மணி நேரம், நம் ஊர் வெயிலில், ஸ்கூல் பேக்குக்குள்.

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. எனவே ரெண்டே வழி. ஒன்று, ஆவி பறக்கும் உணவை ஃபிளாஸ்க்கில் அடைப்பது. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு உணவை நிரப்பினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். இல்லையென்றால், ஈரம் குறைந்த, புளிப்புள்ள உணவைத் தட்டில் பரப்பி ஆறவைத்து எவர்சில்வர் டப்பாவில் போடுவது. எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கட்டுச்சோறாக நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அரைச்சூடாக மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் உள்ளேயே சொட்டும். ‘நசநசன்னு இருந்துச்சும்மா’ என்று பிள்ளை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை மூன்று.

*தேங்காய்:* வெயில் நாளில் சுண்டலில் போட்ட பச்சைத் தேங்காய் மதியத்துக்குள் ஊசிப்போகலாம். லேசாக வறுத்துச் சேர்க்கலாம், அல்லது விட்டுவிடலாம். தனியா, மிளகாய், கடலைப்பருப்பு வறுத்து அரைத்த சுண்டல் பொடி போட்டால் தேங்காய் இல்லாத குறையே தெரியாது. கொழுக்கட்டைப் பூரணத்தை நன்றாகச் சுருளும்வரை கிளறியிருக்க வேண்டும்.

*நேற்றைய சோறு:* அரிசியில் இருக்கும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ‘சூடு பண்ணிட்டோமே’ என்பது இங்கே செல்லாது.

*மறுநாள் பிரியாணி:* இரவு முழுக்க அண்டாவில் வெளியே இருந்தது என்றால் டப்பாவுக்கு வேண்டாம். சமைத்த கொஞ்ச நேரத்திலேயே சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தது என்றால், காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி ஃபிளாஸ்க்கில் அனுப்பலாம்.

கலர் கலரா வேணும்மா!

பிள்ளைகளுக்கு நிறம் பிடிக்கும், அதில் தப்பில்லை. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. துணிக்குச் சாயம் போடப் பயன்படும் ‘ரோடமின் பி’ கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். பண்டிகை சீசனில் லேபிள் இல்லாமல் விற்கும் பளிச் நிற இனிப்புகளை டப்பாவில் வைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

வீட்டிலேயே நிறம் இருக்கிறது. பீட்ரூட் விழுது சேர்த்தால் தோசை ரோஸ் நிறம். பாலக்கோ முருங்கைக் கீரையோ அரைத்துப் பிசைந்தால் சப்பாத்தி பச்சை. கேரட் துருவினால் இட்லி ஆரஞ்சு. ஒரே இட்லித் தட்டில் மூன்று மாவும் ஊற்றினால் சுதந்திர தின டப்பா முடிந்தது.

வடிவத்துக்கும் ஸ்பெஷல் கட்டர் வாங்க வேண்டாம். மூடியால் அழுத்தினால் சப்பாத்தி வட்டம், கத்தியால் குறுக்கே வெட்டினால் நட்சத்திரப்பழம் நட்சத்திரம். இட்லியில் ரெண்டு மிளகு வைத்தால் கண். பல் குத்தும் குச்சி மட்டும் சின்னப் பிள்ளைகள் டப்பாவில் வேண்டாம். இதையெல்லாம் பிள்ளையையே செய்ய விடுங்கள். ‘சுண்டலா, பயறா?’ என்று முந்தின நாள் ராத்திரி அவர்களைக் கேட்டுவிட்டாலே பாதி ஜெயித்த மாதிரி. தானே தேர்ந்தெடுத்ததைத் திருப்பிக் கொண்டுவரக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

சாப்பிட நேரமும் வேண்டும். கை கழுவி, டப்பா திறந்து, பக்கத்து டப்பாவை எட்டிப் பார்த்து, கதை பேசி முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும். ஒரு வாயில் போடும் அளவுக்கு நறுக்கியது, தோல் உரித்தது, தொட்டுக்கொள்ள அவசியம் இல்லாதது என்றால் டப்பா சீக்கிரம் காலியாகும்.

ஷேர் பண்ணிச் சாப்பிடும் நாள்

கொண்டாட்ட நாளில் டப்பா ஒரு பிள்ளையோடு நிற்காது. கொழுக்கட்டை ஒரு கை, அச்சு முறுக்கு ஒரு கை என்று பெஞ்ச் முழுக்கச் சுற்றும். பண்டிகையின் அழகே அதுதான். ஆனால் வேர்க்கடலை, எள், முந்திரி, பால், முட்டை ஆகியவை சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும். கடலை உருண்டை, எள்ளுருண்டை அனுப்பும் நாளில் குரூப்பில் ஒரு வரி போட்டுவிடலாம். முட்டை சேர்த்த கேக் என்றால் அதையும் சொல்லிவிட்டால், சைவம் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கும் சங்கடம் இல்லை.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை, முழு திராட்சை, கல் போன்ற சீடை வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கும் ஆபத்து இருக்கிறது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டி, கடலையைப் பொடித்து, கொண்டைக்கடலையை நன்றாக மசிய வேகவைத்துக் கொடுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள்

பலகார டின்னைத் திறக்காமல் அன்றைக்கு டப்பா கட்ட முடியாது, அது நடக்கிற காரியமும் இல்லை. ‘ஒரு பீஸ், சாப்பாட்டோட’ என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஸ்நாக்ஸ் டப்பாவில் இனிப்பு, லஞ்சில் இனிப்பு, வேனில் இனிப்பு என்று பிரித்துப் பிரித்துச் சாப்பிடும்போதுதான் பல்லுக்குச் சேதம் அதிகம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவை சாப்பிட்டு வாய் கொப்பளிப்பது மேல்.

அன்றைக்கு எளிமையான டப்பா போதும். தயிர் சாதம், மாதுளை முத்து, வதக்கிய பீன்ஸ், வறுத்த பொட்டுக்கடலை கொஞ்சம், ஒரு துண்டு மைசூர்பாகு. பண்டிகை முழுக்க எண்ணெய்யும் நெய்யும் பார்த்த வயிற்றுக்கும் இதம்.

சரி, எட்டரை மணி மெசேஜுக்கு என்ன பதில்?

ஒன்பது மணிக்குள் ஒரு கப் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்குள் ஒன்பது மணி நேரம் ஊறியிருக்கும். குக்கரில் ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் சாதத்துக்கு எலுமிச்சை பிழிந்துவிடலாம். ஊறப்போட மறந்து தூங்கிவிட்டால்? ஸ்வீட் கார்ன் சுண்டலுக்கு ஊறவே வேண்டாம். பாசிப்பருப்பு சுண்டலுக்கு அரை மணி நேரம் போதும். ஊறவைக்கும் வேலை அப்பாவுடையது, பொடி தூவும் வேலை பிள்ளையுடையது என்று பிரித்துக்கொண்டால் காலையில் ஒருவர் தலையில் மட்டும் எல்லாம் விழாது.

சாயங்காலம் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஏதாவது மிச்சம் இருந்தால் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: “பிடிக்கலையா, நேரம் போதலையா, இல்ல கெட்டுப்போச்சா கண்ணா?” மூன்றுக்கும் பதில் வேறு வேறு. அடுத்த பண்டிகை டப்பாவுக்கான மெனு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.